அம்மாவுக்கு ஒரு டிரான்ஸ்பர் ஆர்டர்

2023 ஜூன் 30 அன்று என் அம்மா பணி ஓய்வு பெற்றார். அரசு மருத்துவமனையில் செவிலியராக 36 ஆண்டுகள். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேச்சு தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு என்ன பரிசு வாங்குவது?

அண்ணன் பாத்திரம் கழுவும் மெஷின் என்றான். "கிரைண்டர் பழசாயிருச்சு, சாய்க்கிற மாடல் வாங்கினா அவளுக்கு மாவு அள்ளுற வேலை மிச்சம்" என்று அப்பா குரல்பதிவு போட்டார். சித்தி, காசிக்கு டூர் அனுப்பலாம் என்றார். கூடவே அப்பாவும் போனால்தானே அவருக்குச் சாப்பாடு என்று அதிலும் ஒரு திருத்தம் வந்தது. நான் இவர்கள் எல்லோரையும்விட நுட்பமாக யோசிப்பதாக நினைத்துக்கொண்டேன். பொருள் எதற்கு, அனுபவத்தைக் கொடுப்போம் என்று விருதுநகரிலிருந்து எழும்பூருக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரு டிக்கெட் எடுத்தேன். ஜூலை 9. ஒரு வழி மட்டும். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. டிக்கெட்டை ஒரு வாழ்த்து அட்டைக்குள் வைத்து, "இனி எங்களோடு ஓய்வெடு அம்மா" என்று எழுதி, பாராட்டு விழா முடிந்த இரவு அவர் கையில் கொடுத்தேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியைப் படித்தார். "ஓய்வுன்னு சொன்னாங்க. இது டிரான்ஸ்பர் ஆர்டர் மாதிரில்ல இருக்கு" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம். நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

தோழிகளே, அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். வேலைக்குப் போகிற, சம்பாதிக்கிற, பெண்ணியம் பேசுகிற நம்மில் பலர், ஓய்வு பெறும் நம் அம்மாக்களுக்குக் கொடுக்கும் பரிசு பெரும்பாலும் இன்னொரு வேலை. சம்பளம் கிடையாது, வார விடுமுறை கிடையாது, ஓய்வு வயதும் கிடையாது. அதை அன்பு என்று பெயரிட்டு, பரிசுத்தாளில் சுற்றிக் கொடுக்கிறோம்.

அப்பா 2015இல் ஓய்வு பெற்றார். ஓர் அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்தார். அப்போது ஓய்வு வயது 58. நானும் அண்ணனும் சேர்ந்து அவருக்குச் சாய்வு நாற்காலி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அலுவலகத்தில் மோதிரம் போட்டார்கள். அந்த நாற்காலியைப் பார்த்து யாரும் டிரான்ஸ்பர் என்று சொல்லவில்லை. காரணம், அது நிஜமாகவே உட்கார்வதற்கான பொருள். அப்பா உட்கார்ந்தார். எட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். காலையில் பேப்பர், பத்து மணிக்கு இரண்டாவது காபி, மாலையில் நண்பர்களோடு நடை. இதில் எனக்குப் பொறாமை இல்லை, உழைத்தவர், உட்காரட்டும். ஆனால் அந்த இரண்டாவது காபியைப் போட்டது யார்? இரவுப் பணி முடித்து எட்டு மணிக்கு வீடு திரும்பிய அம்மா. அப்பாவின் ஓய்வு அம்மாவின் வேலையில் ஒரு நேரத்தைக் கூட்டிவிட்டது என்பதை அந்த எட்டு வருடங்களில் நான் ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை. அம்மா சொல்லவும் இல்லை. மதினிதான் ஒருமுறை சொன்னாள்: "மாமா ரிட்டயர்ட் ஆனதுல இருந்து அத்தைக்கு டபுள் டியூட்டி." அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் அல்லவா, வேலை எங்கே போய்ச் சேருகிறது என்பதை மருமகள்கள்தான் முதலில் பார்க்கிறார்கள்.

இந்தியாவில் அரசே 2019இல் ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. அப்போது வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். அதிலும் 'செய்யும் ஆண்கள்' என்பதே நூற்றுக்கு 26 பேர்தான். மிச்சம் 74 பேர் அந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. என் அப்பா அந்த 74இல் ஒருவர். நல்ல மனிதர். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், கத்தக்கூட மாட்டார். இத்தனை நல்லவராக இருந்துகொண்டே ஒரு பெண்ணின் நாளிலிருந்து ஐந்து மணி நேரத்தை எடுத்துக்கொள்ள முடியும் என்பதுதான் நம் குடும்ப அமைப்பின் சாமர்த்தியம்.

பாராட்டு விழாக்களைக் கவனித்திருக்கிறீர்களா? அப்பாவின் விழாவில் பேசியவர்கள் எல்லோரும், இனி அவர் விரும்பியபடி இருக்கட்டும் என்றார்கள். அம்மாவின் விழாவில் பேசியவர்கள் எல்லோரும், இனிப் பேரப்பிள்ளைகளோடு நேரம் செலவிடட்டும் என்றார்கள். இரண்டும் வாழ்த்துதான். ஒன்று விடுதலை ஆணை, இன்னொன்று பணி நியமன ஆணை. அம்மாவின் விழாவில் அப்பாவை மேடைக்கு அழைத்து மாலை போட்டார்கள். இவருடைய ஒத்துழைப்பு இல்லாமல் சிஸ்டரால் இத்தனை வருடம் நைட் டியூட்டி பார்த்திருக்க முடியுமா என்று ஒருவர் கேட்டார். கைதட்டல். அப்பாவின் விழாவிலும் அம்மாவுக்கு மாலை போட்டார்கள்தான். ஆனால் அன்று அவர் பாதியில் எழுந்து போனார். இரவு ஏழு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும்.

அந்த நைட் டியூட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரவு ஏழு முதல் காலை ஏழு வரை, பன்னிரண்டு மணி நேரம். திரும்பி வந்தால் எங்கள் பள்ளிக்கூட டிபன். பிறகு குளித்துவிட்டு, ஜன்னல் பக்கத்துக் கட்டிலில், பழைய துப்பட்டா ஒன்றைக் கண்ணுக்கு மேல் கட்டிக்கொண்டு படுப்பார். அந்த ஜன்னல் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் நேராக முகத்தில் விழும். கேஸ் சிலிண்டர்காரர் மணி அடிப்பார், மீன்காரி கூப்பிடுவார், நானும் அண்ணனும் விடுமுறை நாளென்றால் சண்டை போடுவோம். ஒரு மணிக்கு எழுந்து சோறு வடிப்பார். முப்பது வருடத்துக்கு மேல் இப்படித்தான். வெளிச்சத்தை மறைக்கும் தடித்த திரைச்சீலை ஒன்றை அந்த ஜன்னலுக்கு மாட்டலாம் என்று எங்கள் நால்வரில் ஒருவருக்கும், அம்மாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தோன்றவே இல்லை.

2020 மே மாதம் தமிழக அரசு ஓய்வு வயதை 58லிருந்து 59ஆக உயர்த்தியது. 2021 பிப்ரவரியில் 60ஆக உயர்த்தியது. பழைய கணக்குப்படி அம்மா 2021 ஜூனில் வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவர். இரண்டு அறிவிப்புகளையும் எங்கள் வீட்டில் கொண்டாடினோம். இரண்டு வருடச் சம்பளம் கூடுதல், பென்ஷனும் உயரும். நடுவில் கொரோனா வந்தது, இரண்டாவது அலை வந்தது. 57, 58 வயதில் அந்தக் கவச உடைக்குள் மணிக்கணக்காகத் தண்ணீர் குடிக்காமல், சிறுநீர் கழிக்காமல் நின்றது அம்மா. "உனக்கு இந்த ரெண்டு வருஷம் வேணுமாம்மா?" என்று நான் கேட்டதாக நினைவில்லை. அண்ணன் வீட்டுக் கடனுக்கு அந்த இரண்டு வருடம் வேண்டியிருந்தது. எனக்கும் ஏதோ வேண்டியிருந்தது.

அண்ணனின் கடனைச் சொன்னதால் பணத்தைப் பற்றியும் பேசிவிடலாம். ஓய்வு பெறும் பெண்ணிடம் குடும்பம் முதலில் விசாரிப்பது உடல்நலத்தை அல்ல, "மொத்தமா எவ்வளவு வரும்?" என்பதைத்தான். பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி, கம்யூட்டேஷன். கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விளக்குகிறேன். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் தமிழக அரசு ஊழியர், தன் மாத ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு தொகையை மொத்தமாக முன்கூட்டியே வாங்கிக்கொள்ளலாம். விட்டுக்கொடுத்த பங்கு 15 வருடம் கழித்துத்தான் திரும்பக் கிடைக்கும். 60 வயதில் விற்றால் 75 வயதில் மீளும். அதாவது அம்மா தன் முதுமையின் 15 வருடத்தை அடகு வைத்து ஒரு தொகை வாங்குகிறார். அந்தத் தொகை யாருக்குப் போகிறது? வைப்பு நிதியின் பெரும்பகுதி 2019லேயே என் கல்யாண நகையாக மாறிவிட்டது. அன்று வரதட்சணை எதிர்ப்பு பேசிக்கொண்டே அந்த நகையைப் போட்டுக்கொண்ட மணப்பெண் நான்தான். கம்யூட்டேஷன் தொகைக்கு அண்ணன் காத்திருந்தான். இதற்கிடையில் அவருக்கு நாங்கள் 30,000 ரூபாய்க்குப் பரிசு வாங்க ஆளுக்குப் பாதி போடுவது பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

"அவங்களுக்கே பேத்தியைப் பார்த்துக்க ஆசை இருக்காதா?" இதை எழுதத் தொடங்கியதிலிருந்து என்னிடம் பலர் கேட்டுவிட்டார்கள். இருக்கும். நிறைய இருக்கும். அப்பாவுக்கும் பேத்தி மேல் ஆசைதான். வீடியோ காலில் கொஞ்சாத நாள் கிடையாது. அவர் பெயரில் நான் டிக்கெட் எடுக்கவில்லையே, ஏன்? ஆசை என்பது வந்து பார்த்து, தூக்கி வைத்துக்கொண்டு, கதை சொல்லி, போதும் என்று தோன்றும்போது கிளம்புவது. காலை எட்டு மணிக்கு நான் ஷூ மாட்டும்போது குழந்தையைக் கையில் வாங்கி, இரவு எட்டு மணிக்கு நான் திரும்பும்வரை மலம் கழுவி, சோறு ஊட்டி, தூங்க வைத்து, விழாமல் பார்த்துக்கொள்வது பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். அம்மாவுக்கு மிக நன்றாகத் தெரிந்த ஷிஃப்ட்தான். பகல் இரவு மட்டும்தான் மாறியிருக்கும்.

அம்மாவுக்கு முன்னால் அந்த ஷிஃப்டில் என் மாமியார் இருந்தார். ஒரு வருடம் பார்த்துக்கொண்டார். முட்டி தேய்ந்து, மாடிப்படி ஏற முடியாமல் போய் ஊருக்குத் திரும்பினார். அவருடைய முட்டி தேய்ந்த நேரமும் அம்மாவின் ஓய்வு நாளும் சரியாக வந்து பொருந்தியதை நாங்கள் நல்ல நேரம் என்று சொல்லிக்கொண்டோம். வெளிநாட்டில் இருக்கும் தோழிகள் இதை இன்னும் ஒழுங்காகவே செய்கிறார்கள். ஆறு மாதம் அம்மா, அடுத்த ஆறு மாதம் மாமியார். விசா எவ்வளவு காலம் தங்க விடுகிறதோ அதற்கேற்பப் பட்டியல். அதையும் 'அம்மாவுக்கு அமெரிக்கா சுத்திக் காட்டினேன்' என்றுதான் சொல்கிறோம். பனி கொட்டும் ஊரில், மொழி தெரியாத தெருவில், ஜன்னல் வழியே நயாகராவா தெரிகிறது?

அம்மா வேலைக்குப் போக அவருடைய அம்மா இருந்தார். நான் பிறந்தபோது பிரசவ விடுப்பு மூன்று மாதம். நான்காவது மாதம் என்னை அம்மாச்சி மடியில் போட்டுவிட்டு அம்மா வார்டுக்குப் போனார். அம்மாச்சி தீப்பெட்டி ஒட்டிக்கொண்டே எங்களை வளர்த்தார். ஒட்டிய பெட்டிக்கு எண்ணிக் கூலி கொடுத்தார்கள். வளர்த்த பிள்ளைக்கு எண்ணிக்கை கிடையாது. அவருக்கு ஓய்வு நாள் என்று ஒன்று வரவில்லை. யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. கைவிரல் ஒத்துழைக்காத நாளில் பெட்டி ஒட்டுவது நின்றது, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் ஒவ்வொரு பெண் வெளியே போனதும் இன்னொரு வயதான பெண் உள்ளே நின்றதால்தான். என் சுயசம்பாத்தியம், என் சுதந்திரம், இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்திருக்கும் இந்த நேரம், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தேய்ந்த முட்டி இருக்கிறது.

அப்படியானால் மகள்கள் வேலையை விட்டுவிட வேண்டுமா என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு. அந்தக் கேள்வி ஏன் மகளிடமும் அம்மாவிடமுமே சுற்றுகிறது? குழந்தைக்கு அப்பா இருக்கிறார். எனக்கு ஒரு நிறுவனம் சம்பளம் கொடுக்கிறது. அரசு என்று ஒன்று இருக்கிறது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பலன்கள் சட்டப்படி அப்போது 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் ஏற்படுத்த வேண்டியிருந்தது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். எங்கள் அலுவலகத்தில் அந்தக் காப்பகம் ஓர் ஒப்பந்தக் காகிதத்தில் இருந்தது. நிஜத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. சென்னைப் போக்குவரத்தில் நான்கு முறை போய் வருவதென்றால் நான் ஹெலிகாப்டரில்தான் போக வேண்டும். மனிதவளத் துறையில் கேட்டபோது அங்கிருந்த பெண்மணி மிகுந்த அக்கறையோடு கேட்டார்: "உங்க அம்மா ரிட்டயர்ட் ஆகிட்டாங்கதானே?"

நிறுவனத்தின் கணக்கிலும் என் அம்மா இருக்கிறார், பாருங்கள். அவருடைய இலவச உழைப்பை நம்பித்தான் அவர்கள் காப்பகம் கட்டாமல் இருக்கிறார்கள். அவரை நம்பித்தான் என் கணவர் ஆறு மணிக் கூட்டத்தை மறுக்காமல் இருக்கிறார். நான் அந்த டிக்கெட்டை எடுத்தபோது இவர்கள் இருவருக்கும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறேன்.

சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அவரும் ஒரு பெண்தானே, அதுவும் சுரண்டல்தானே என்று ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஆமாம், குறைந்த கூலிக்கு வைத்தால் சுரண்டல்தான். அங்கன்வாடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் தொடங்கிய திட்டம். நாட்டின் ஏழைக் குழந்தைகளை வளர்க்கும் அந்தப் பெண்கள் வேலையாட்கள்தான், அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2022 ஆகிவிட்டது. குழந்தை வளர்ப்புக்கு இந்த நாடு வைத்திருக்கும் மரியாதை இவ்வளவுதான். ஆனால் கூலி குறைவு என்பதற்குத் தீர்வு கூலியை உயர்த்துவது. கூலியே இல்லாமல் அம்மாவிடம் ஒப்படைப்பதை எந்தக் கணக்கில் தீர்வு என்பீர்கள்?

சரி, அந்த டிக்கெட் என்ன ஆனது?

அம்மா மறுக்கவில்லை. இதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. நக்கலாக ஒரு வார்த்தை சொன்னார். மறுநாளே பையை அடுக்கத் தொடங்கிவிட்டார். குழந்தைக்குத் தேங்காயெண்ணெய் காய்ச்சினார், சத்துமாவு அரைத்தார். மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவர் சாதாரணமாகக் கேட்டார்: "ஏம்மா, உங்க வீட்ல பகல்ல தூங்க முடியுமா? வெளிச்சம் ரொம்ப வருமா?" அவர் கையில் அந்தத் துப்பட்டா இருந்தது. அதையும் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

டிக்கெட்டை ரத்து செய்தேன். அடுத்த மூன்று மாதம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால், சண்டை. கணவர் அலுவலகத்தில் பேசி ஏழு மணி ஷிஃப்டுக்கு மாறினார். மாறுவதற்கு ஆறு வாரமும் பல இரவு வாக்குவாதங்களும் ஆனது. பக்கத்துத் தெருவில் ஒரு காப்பகம், மாதம் 9,000 ரூபாய், கூடவே மாதம் ஒரு சளி. அண்ணன் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அம்மா கம்யூட்டேஷன் வாங்க வேண்டியதில்லை, முழு பென்ஷனும் மாதாமாதம் வரட்டும் என்று நான் சொன்னதுதான் காரணம். கடைசியில் அம்மாவே தீர்மானித்தார், வாங்கவில்லை. மதினி என் பக்கம் நின்றாள். அதற்கு அவள் கொடுத்த விலை என்ன என்று நான் இன்னும் கேட்கவில்லை.

ஜூலை நடுவில் அப்பா போன் செய்தார். குரலில் பதற்றம். "உங்கம்மா பத்து மணி வரைக்கும் தூங்குறாம்மா. தினமும். டாக்டர்ட்ட காட்டுவோமா?" எழுப்ப வேண்டாம் என்று சொன்னேன். "அப்ப காபி?" என்றார். பால் எங்கே இருக்கிறது, டிகாக்‌ஷன் எப்படி இறக்க வேண்டும் என்று போனிலேயே சொல்லிக் கொடுத்தேன். 66 வயதில் முதல் காபி. வாய் வைக்க முடியவில்லையாம்.

பரிசாக நானும் அண்ணனும் கடைசியில் வாங்கியது அந்த ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை. மாட்டிவிட்டு விளக்கையும் அணைத்ததும் அறை கும்மிருட்டாக இருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தார். "இது நைட் டியூட்டி பார்க்கிறவளுக்குத்தானேடா வேணும்?" என்று அண்ணனிடம் கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை.

நவம்பரில் அம்மா சென்னைக்கு வந்தார், தானாக. திரும்பிப் போகும் டிக்கெட்டையும் அவரே எடுத்து வந்திருந்தார், பன்னிரண்டாம் நாளுக்கு. பத்தாம் நாள் இரவு மகளுக்குக் காய்ச்சல் கண்டது. எனக்கு அந்த வாரம் விடுப்பு எடுக்க முடியாத வேலை. இன்னும் ஒரு வாரம் இருந்துட்டுப் போம்மா என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லும் பெண்மணிக்கு இது தெரியாதா? எதுவும் பேசாமல் குழந்தையின் எடையைப் பார்த்து, பாரசிட்டமால் எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை என்று இரண்டு காகிதத்தில் எழுதினார். ஒன்றை ஃபிரிட்ஜில் ஒட்டினார். இன்னொன்றை மருமகனின் கையில் கொடுத்து, ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் மாலை ஆட்டோ பிடித்து எழும்பூருக்குப் போனார்.